விருப்பமில்லையா, வசதியில்லையா?

2020 ஆகஸ்ட் மாதம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் மதினி வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அவர் மதுரையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நிழல் நகர நகர நாற்காலியும் நகரும். பதினொன்றரை மணிக்கு மேல் நிழலே இருக்காது.

கீழே வந்து நடத்தலாமே என்று தோன்றும். கீழே அம்மாவின் தொலைக்காட்சி, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரின் இணைய வகுப்பு, குக்கர் சத்தம். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறைகள் இரண்டுதான். ஒன்றில் அண்ணன் அலுவலக வேலை பார்த்தார். இன்னொன்றில் நான் இருந்தேன்; ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைக் காணொளியாகப் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன்: "உங்களுக்கென்ன மதினி, வீட்ல இருந்தபடியே சம்பளம்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு என் பத்து மணி வகுப்பு முடியுற வரைக்கும் நீங்க அடுப்படியில நில்லுங்க தம்பி. அப்புறம் பேசுவோம்" என்றார்.

நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் வாசலில் மூன்று முறை கூப்பிட்டார்கள். பால் பொங்கி வழிந்தது. சின்னவனின் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மதினி இத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் தினமும் மாடி ஏறியிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் முதல் அந்த அறையை ஆளுக்குப் பாதி நாள் என்று பிரித்துக்கொண்டோம்.

வீட்டிலிருந்து வேலை செய்ய ஒருவர் விரும்புகிறாரா என்று கேட்பது எளிது. அந்த விருப்பம் எதிலிருந்து பிறக்கிறது என்று பார்ப்பதுதான் கடினம். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன். பள்ளி ஆசிரியர்களான நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தத் தேடல் கடைசியில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் என் வகுப்புப் பதிவேடு.

ஒரே கேள்வி, இரண்டு பதில்கள்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதினியின் ஆய்வு நெறியாளரான பேராசிரியர் அம்மா மதிய உணவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். திண்டுக்கல்லிலிருந்து தினமும் மதுரைக்கு வந்து போகிறவர். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவருக்கென்று ஒரு படிப்பறை உண்டு. பேச்சோடு பேச்சாக நான் கேட்டேன்: "வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?"

"இன்னிக்கே எழுதிக் கொடுத்துருவேன் சார். போக வர மூணு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்துல ஒரு ஆய்வேட்டுல ரெண்டு அத்தியாயம் திருத்திரலாம்" என்றார்.

மதினி தலையை ஆட்டினார். "எனக்கு வேண்டாம்மா. கல்லூரிக்குப் போனாத்தான் நான் ஆசிரியர். வீட்ல இருந்தா எல்லாருக்கும் நான் சும்மா இருக்கிற மாதிரிதான்."

இருவரும் ஒரே பாடத்தைக் கற்பிப்பவர்கள். கணினியைக் கையாள்வதிலும் இருவரும் கெட்டிக்காரர்கள். வேலையில் அக்கறை இல்லாதவர் என்று யாரையும் சொல்ல முடியாது. பிறகு ஏன் ஒருவருக்கு வேண்டும், ஒருவருக்கு வேண்டாம்?

பேராசிரியரின் வேலை எங்கே நடக்கிறது?

நம் வேலை மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிவதாகப் பிறர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல என்று நமக்குத் தெரியும். உயர்கல்வி ஆசிரியருக்கோ இந்த எல்லை இன்னும் மங்கலானது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. நாள்தோறும் குறைந்தது 5 மணி நேரம் அவர் வளாகத்தில் இருக்க வேண்டும். நேரடிக் கற்பித்தலுக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. அப்படியென்றால் மீதி நேரத்தில் என்ன நடக்கிறது? பாடத் தயாரிப்பு, ஆய்வு, கட்டுரை எழுதுதல், ஆய்வு மாணவரை வழிநடத்துதல், விடைத்தாள், குழுக் கூட்டங்கள், அறிக்கைகள். இவற்றில் பல வேலைகள் நெடுங்காலமாக வீட்டு மேசையிலும் நடந்து வந்தவைதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது புதிதாக வீட்டுக்குள் வந்தது வகுப்பறை மட்டுமே.

மாணவரும் ஆசிரியரும் ஒரே அறையில் இல்லாமலும் பாடம் நடக்கும் என்பதும் மதுரைக்குப் புதிதல்ல. 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பிற்பாடு காமராசர் பெயரைத் தாங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தாண்டித்தான் தினமும் நான் செக்கானூரணிக்கு அப்பால் உள்ள எங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறேன். தபாலில் வந்த பாடக் கட்டுகளைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் ஆசிரியர் அறைகளிலேயே இருக்கிறார்கள்.

விருப்பத்தை எப்படி ஆராய்கிறார்கள்?

'தொலைவிலிருந்து வேலை' என்ற கருத்துக்கு 1973-இல் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சூட்டியவர் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர். நகரச் சாலைகளில் வாகன நெரிசலையும் எரிபொருள் செலவையும் குறைப்பது அவருடைய நோக்கம். ஆட்களை வேலையிடத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக வேலையை ஆட்களிடம் கொண்டுபோகலாம் என்றார்.

ஒருவர் புதிய முறையை ஏற்பாரா என்பதை விளக்க ஆய்வாளர்கள் அடிக்கடி கையாளும் இரண்டு சட்டகங்கள் உள்ளன. ஒன்று, 1989-இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்தது. 'இது எனக்குப் பயன்படுமா?', 'இது எனக்கு எளிதாக இருக்குமா?' என்ற இரண்டு எண்ணங்களும் ஏற்பைத் தீர்மானிக்கின்றன. அவற்றிலும் பயன் பற்றிய எண்ணமே வலுவானது என்றார் அவர்.

மற்றொன்று, உளவியலாளர் ஐசக் அய்சன் உருவாக்கியது. ஒரு செயலைச் செய்யும் நோக்கம் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது என்பது அதன் சாரம். முதலாவது, அந்தச் செயலைப் பற்றி நாம் கொண்டிருக்கும் மனப்பான்மை. இரண்டாவது, நம்மைச் சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம். மூன்றாவது, அதைச் செய்து முடிக்கும் நிலைமை நம் கையில் இருக்கிறதா என்ற உணர்வு.

மதினியின் பதிலை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கற்பிப்பது தவறு என்று அவர் நினைக்கவில்லை. 'எல்லாருக்கும் நான் சும்மா இருக்கிற மாதிரி' என்பது இரண்டாவது ஊற்று. கதவுள்ள அறை தன் கையில் இல்லை என்பது மூன்றாவது. நாம் பெரும்பாலும் முதல் ஊற்றை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரை 'விருப்பமில்லாதவர்' என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ஒரு சோதனையும் ஒரு நிபந்தனையும்

வீட்டிலிருந்து வேலை பற்றிப் பேசுவோர் அடிக்கடி சுட்டும் சோதனை சீனாவில் நடந்தது. சீட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் ஷாங்காய் தொலைபேசிச் சேவை மையத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் அதை நடத்தினார்கள். முடிவுகள் 2015-இல் வெளியாயின. ஒன்பது மாதங்கள், வாரத்தில் ஐந்து வேலை நாளில் நான்கு நாள் வீட்டில். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. இடைவேளைகளும் உடல்நலமின்மை விடுப்பும் குறைந்து, வேலை செய்த நேரம் கூடியதே அந்த உயர்வில் பெரும்பகுதிக்குக் காரணம்.

இந்த 13 விழுக்காட்டைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஆய்வில் உள்ள மூன்று செய்திகள் ஆசிரியருக்கு அதைவிட முக்கியமானவை என்று நினைக்கிறேன்.

முதலாவது, வாய்ப்புக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதிப் பேர்தான் முன்வந்தார்கள். இரண்டாவது, முன்வந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆறு மாதப் பணி அனுபவம், வீட்டில் அகலக்கற்றை இணைய இணைப்பு, வேலை செய்யத் தனி அறை ஆகிய மூன்றும் உள்ளவர்களுக்கே இடம். மூன்றாவது, சோதனை முடிந்தபின் பலர் தாங்களாகவே அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். தனிமை அவர்களை வாட்டியிருந்தது.

ஆக, அந்த வெற்றியே தனி அறை உள்ளவர்களிடம் அளக்கப்பட்டதுதான். மொட்டைமாடியில் தொட்டி நிழலைத் துரத்திய ஒருவரிடம் அந்த 13 விழுக்காட்டை எதிர்பார்க்க முடியுமா?

கூட்டுபவை, குறைப்பவை

கல்லூரி ஆசிரியர்களிடம் பேசியதிலும் படித்ததிலும் திரும்பத் திரும்ப வந்த காரணிகளை இப்படித் தொகுக்கலாம்.

வேலையின் தன்மை: விடைத்தாள் திருத்தலும் கட்டுரை எழுதுதலும் வீட்டுக்கு எளிதாகப் பயணம் செய்யும். வேதியியல் ஆய்வகம் பயணம் செய்யாது. குடுவையில் நிறம் மாறும் அந்தக் கணத்தைத் திரையில் காட்டலாம். சொட்டுச் சொட்டாக விடும் கையின் பக்குவத்தைக் காட்ட முடியாது. ஒருவருடைய விருப்பத்தைக் கேட்கும் முன் 'எந்த வேலைக்கு?' என்று கேட்க வேண்டும். திண்டுக்கல் பேராசிரியரும் ஆய்வேடு திருத்துவதற்குத்தான் வீட்டைக் கேட்டார். ஆய்வக வகுப்புக்கு அல்ல.

இடமும் ஒலியும்: கதவு, மேசை, காற்று. மதுரை மே மாத வெயிலில் மேல்தளத்து அறையில் பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. நடுத்தர வீடுகளில் தனி அறை என்பது ஆளுக்கு ஒன்று கிடைப்பதில்லை. இருக்கும் ஓர் அறை யாருக்குப் போகிறது என்பது வீட்டுக்குள் நடக்கும் முடிவு. எங்கள் வீட்டில் அது கேட்காமலே எனக்கு வந்தது.

இணைப்பும் மின்சாரமும்: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் உண்டு. கைபேசியின் ஒரு நாள் டேட்டா ஒரு மணி நேரக் காணொளி வகுப்பிலேயே பெருமளவு தீர்ந்துவிடும். அந்தச் செலவு யாருடையது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் விருப்பம் கூடுகிறது.

வீட்டுப் பொறுப்பு: தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வீட்டு வேலை பார்ப்பவரிடம் 'வீட்டிலேயே இருந்து அலுவலக வேலையும் பாருங்கள்' என்றால், அவருக்கு அது சலுகையாகத் தெரியாமல் போகலாம்.

பயணத் தொலைவு: இந்தக் காரணி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதே சீன நிறுவனத்தில் 1,612 ஊழியர்களிடம் பின்னர் நடந்த இன்னொரு ஆய்வு 2024-இல் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டில், மற்ற நாட்கள் அலுவலகத்தில். வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் நெடுந்தொலைவு பயணம் செய்பவர்களிடமும் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 'பெண்கள் வீட்டு வேலைமுறையை விரும்ப மாட்டார்கள்' என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. முழு வாரமும் வீடு என்பது வேறு, இரண்டு நாள் என்பது வேறு. தானே தேர்ந்தெடுப்பது வேறு, ஊரடங்கு தேர்ந்தெடுப்பது வேறு.

நம்பிக்கை: 'கேமராவை அணைக்காதீர்கள்', 'மணிக்கு ஒருமுறை அறிக்கை அனுப்புங்கள்' என்ற கட்டளைகள் கூடக் கூட விருப்பம் குறைகிறது. என்ன முடிக்க வேண்டும், எப்போதைக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும் துறைத்தலைவரிடம் ஆசிரியர்கள் இரண்டு மடங்கு உழைத்ததாக மதினி சொல்வார்.

முகம் பார்த்தல்: இது பலர் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்ன காரணம். அறுபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது ஆசிரியரை வற்ற வைக்கிறது. யாருக்குப் புரியவில்லை என்று நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு பழகியவர்கள் அல்லவா நாம்?

வீடும் அல்ல, அலுவலகமும் அல்ல என்று ஒரு மூன்றாவது இடமும் இருக்கிறது. 2023 ஜூலை 15-இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மதினி இப்போது சனிக்கிழமைகளில் போகிறார். தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அங்கேதான் எழுதினார். "அங்க யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க தம்பி" என்றார்.

என் பதிவேட்டில் இருந்த இரண்டு சொற்கள்

இனி நம் பள்ளிக்கு வருவோம்.

2020-21 கல்வியாண்டில் என் ஏழாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருந்தேன். தினமும் காலை பத்து மணிக்குப் பயிற்சித்தாள் ஒன்றை அனுப்புவேன். மாலைக்குள் விடைகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு மாணவி ஒருநாளும் அனுப்பவில்லை. குழுவில் அவள் அப்பாவின் எண் இருந்தது. நீலக் குறி விழும், பதில் வராது. மாதக் கடைசியில் என் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'ஆர்வம் இல்லை' என்று எழுதினேன்.

அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றதற்குப் பிறகும்தான் இதை எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மதினியின் விஷயத்தில் புரிந்தது, மாணவியின் விஷயத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

சில வாரங்கள் கழித்து, வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். ஒரே அறை. அவள் அப்பா மினி லாரி ஓட்டுகிறார். கைபேசி காலை ஆறு மணிக்கு அவரோடு போய் இரவு ஒன்பதுக்குத் திரும்பும். அவள் அம்மாவோடு விடியும் முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். மொட்டு விரியுமுன் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கணக்கு எதுவும் செய்யலையாம்மா?" என்று கேட்டேன்.

ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அப்பாவின் கைபேசியிலிருந்து கேள்விகளைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் தம்பி தூங்கும்போது போட்டிருக்கிறாள். நான் அதுவரை அனுப்பியிருந்த தாள்களில் பதினொன்று அதில் இருந்தன. பின்னங்களில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்திருந்தாள். பகுதிகள் வேறுபட்டாலும் நேரடியாகக் கூட்டியிருந்தாள். யாரும் திருத்தாததால் அந்தப் பிழை பதினோரு தாள்களிலும் அப்படியே வளர்ந்திருந்தது.

"அனுப்பியிருக்கலாமேம்மா?"

"அப்பா வர்றதுக்குள்ள நெட்டு தீந்துரும் சார்."

திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பின்னம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டில் அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, 'கைபேசி இரவு 9-க்கு மேல். நோட்டில் செய்கிறாள். வாரம் ஒருமுறை நேரில் பார்க்க' என்று எழுதினேன். விருப்பம் என்று நான் நினைத்தது விருப்பமே அல்ல. அய்சன் சொன்ன மூன்றாவது ஊற்று அங்கே அடைபட்டிருந்தது.

வீட்டுப்பாடமும் வீட்டிலிருந்து வேலைதான்

இப்படி யோசித்துப் பாருங்கள். 'வீட்டிலிருந்து வேலை' பற்றி உலகம் 2020-இல்தான் பரபரப்பாகப் பேசத் தொடங்கியது. நாமோ ஒவ்வொரு நாளும் மாலை நாற்பது பிள்ளைகளை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லி அனுப்புகிறோம். தனி அறை உண்டா, மேசை உண்டா, வெளிச்சம் உண்டா, கேட்டால் சொல்லித்தர ஆள் உண்டா என்று நாம் கேட்பதில்லை. ஷாங்காய் நிறுவனம் பெரியவர்களிடமே தனி அறை இருந்தால்தான் ஆயிற்று என்று நிபந்தனை வைத்தது. நாம் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் எந்த நிபந்தனையும் பார்க்காமல் வேலையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் விருப்பத்துக்கு மதிப்பெண் போடுகிறோம்.

வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணி என்பது சாக்கு ஆகிவிடவும் கூடாது. எல்லா வசதியும் இருந்தும் செய்யாத பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையிடம் கண்டிப்பு வேண்டும். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் கண்டிப்புக்கு நியாயம் வரும்.

நான் கடைப்பிடித்துப் பயன் கண்ட சில மாற்றங்கள் இவை:

1. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் தனியாக நான்கு கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதுவாய்? எந்த நேரம் உனக்கு ஓய்வு? புரியாவிட்டால் யாரைக் கேட்பாய்? பள்ளி விட்டதும் உனக்கு என்ன வேலை? எழுத்தில் வாங்குவதில்லை. கூச்சப்படுவார்கள்; வகுப்பில் சத்தமாகக் கேட்கவும் கூடாது.

2. வீட்டுப்பாடத்தின் முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்க வைக்கிறேன். வீட்டில் யாரும் சொல்லித்தர இல்லாத பிள்ளைக்கு அந்தத் தொடக்கமே பெரிய துணை.

3. மறுநாளே வேண்டும் என்று கேட்பதில்லை. இரண்டு இரவுகள் தருகிறேன். சந்தை நாள், திருவிழா, அம்மா ஊரில் இல்லாத நாள் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

4. மாலையில் பள்ளி விட்டபின் அரை மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கிறோம். ஆசிரியர்கள் முறைவைத்து இருக்கிறோம். இது எங்கள் பிள்ளைகளின் 'மூன்றாவது இடம்'.

5. பதிவேட்டில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். நேரம், இடம், புரிதல், துணை, விருப்பம் என்ற ஐந்தில் எது தடை என்று குறிக்கிறேன். 'விருப்பம்' கடைசியில்தான், மற்ற நான்கையும் பார்த்த பிறகுதான் அதை எழுதலாம் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி.

2021 அக்டோபர் 27-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அவரவர் குடியிருப்புக்கு அருகிலேயே மாலை நேரக் கற்றல் மையங்களைத் தந்தது. அந்த மாணவி அப்போது எட்டாம் வகுப்பு. அவளுடைய தெருவில் ஒரு தன்னார்வலர் அக்கா கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அந்த அக்கா சொன்ன பிறகு அவள் ஒருநாளும் தவறவில்லை. பிறகு பள்ளியில் பார்த்தபோது பின்னக் கூட்டலில் பகுதிகளைச் சமமாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆசிரியர் அறையில் கலந்துரையாட

ஒரு மாலை, தேநீர் நேரத்தில், சக ஆசிரியர்களோடு இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

• பாடக்குறிப்பு, விடைத்தாள், இணையப் பதிவேற்றம் என நம் வேலையில் எவ்வளவு ஏற்கெனவே வீட்டில் நடக்கிறது? அதற்கு நம் வீட்டில் இடம் யாருடையது?

• நம் ஆசிரியர் அறையில் ஆண்களின் பதிலும் பெண்களின் பதிலும் ஒன்றாக இருக்கின்றனவா? கைக்குழந்தை உள்ளவர், நெடுந்தொலைவு வருபவர் என்ன சொல்கிறார்கள்?

• வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளில் ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதும் இடத்தை நாம் நேரில் பார்த்திருக்கிறோமா?

• பள்ளி வளாகத்தில், நூலகத்தில், ஊரில் அவர்களுக்கு ஒரு மூன்றாவது இடம் எங்கே கிடைக்கும்?

• சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டுங்கள். 'ஆர்வம் இல்லை' என்று எழுதிய பெயர்கள் எத்தனை? அவற்றில் இன்று நம் கையாலேயே அடிக்க வேண்டியவை எத்தனை?